இரு தரப்பாருக்கும் திருப்தி

"ஒரே கிரயத்துல ரெண்டு பேருமா?" என்று கங்கப்பன் மூன்றாம் தடவையாகக் கேட்டார்.

"ஒரே கிரயத்துலதான்" என்று காரியதரிசி நாராயணப்பனும் மூன்றாம் தடவையாகச் சொன்னார். ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரில், அரிசி மண்டிக்குப் பின்புறம், போன மாதம் வரை கோணிப்பை அடுக்கி வைத்திருந்த அறைதான் இப்போது ஓசூர் வட்டார நிலத் தரகர் சங்கத்தின் காரியாலயம். சுவரில் அடித்த சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. சாய்ந்து நின்றவர்கள் முதுகெல்லாம் வெள்ளை. நாராயணப்பன் விதிப் புத்தகத்தை விரித்து, ஐந்தாம் விதியில் விரலை வைத்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல வாசித்தார். மனுதாரர் முன்நின்று முடித்த ஏதேனும் ஒரு கிரயத்தில் விற்றவரும் வாங்கியவருமாகிய இரு தரப்பாரும், அவருடைய தரகில் தங்களுக்குப் பூரண திருப்தி என்று ஒரே தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தரவேண்டியது.

"இது எந்தப் புண்ணியவான் போட்ட விதி?"

"நாமதான் போட்டோம்."

"நாமன்னா யாரு?"

"ஸ்தாபக அங்கத்தினருங்க அஞ்சு பேரு."

"அந்த அஞ்சு பேரும் இந்த மாதிரி தாளு குடுத்தாங்களா?"

"ஸ்தாபகருங்களுக்கு விலக்கு இருக்குது கங்கப்பா. ஆறாம் விதி. படிக்கட்டுமா?"

"வேணாம் சாமி. படிச்ச வரைக்கும் போதும்."

கங்கப்பனும் ஸ்தாபகராக ஆகியிருக்க வேண்டியவர்தான். சங்கம் கூட்டிய அன்றைக்கு அவர் பேரிகை ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு மேட்டு நிலத்தின் நான்கு எல்லையையும் ஒரு கஞ்சப் பிசினாறியுடன் மூன்று சுற்று சுற்றிக்கொண்டிருந்தார். அந்த ஆள் நிலத்தையும் வாங்கவில்லை, ஒரு டீ கூட வாங்கித் தரவில்லை. திரும்பி வந்து பார்த்தால், நேற்றுவரை ரிஜிஸ்தர் ஆபீசு வாசலில் தன்னோடு பீடியைப் பாதி பாதி இழுத்தவர்கள் ஸ்தாபகர்களாகி, மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

எரிச்சலோடு விட்டுவிடலாம் என்றால் அதுவும் முடியாது. பெங்களூர்க்காரர்கள் கார் போட்டுக்கொண்டு வந்து நிலம் கேட்க ஆரம்பித்ததிலிருந்து, நேற்று முளைத்த தரகனெல்லாம் ஒரே நிலத்தை நாலு பேருக்குக் காட்டுகிறான் என்ற புகார் ஊரில் ஏறிவிட்டது. அதற்காகத்தான் சங்கம். பத்திரம் எழுதுகிறவர்களும் சங்கத்தோடு ஒத்துப்போய்விட்டார்கள். வருகிற திங்கட்கிழமையிலிருந்து, கையில் சங்கத்துக் கார்டு இல்லாத தரகன் கூட்டிவருகிற கிரயத்துக்கு அவர்கள் பேனாவை எடுக்கமாட்டார்கள். கார்டுதான், ஆனால் ஊரில் அதற்கு இப்போதே லைசென்ஸ் என்று பெயர் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஐந்து மணியோடு அங்கத்தினர் பட்டியல் மூடப்படும். அப்புறம் மலைக்கோயில் தேர். அதன் பிறகு அடுத்த வருஷம்தான். அந்தத் திங்கட்கிழமையில்தான் பாகலூர் ரோட்டில் பன்னிரண்டு ஏக்கர், கங்கப்பன் ஆறு மாதம் செருப்புத் தேய நடந்து பேசி வைத்த கிரயம், எழுதுவதாக இருந்தது. கார்டு இல்லையென்றால் அது ஐந்து ஸ்தாபகர்களில் ஒருவன் வாயில் போய் விழும். இருபத்திரண்டு வருஷத் தொழில், ஐம்பது வயசில், ஒரு தாளில் போய் மாட்டிக்கொண்டது.

மற்றவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். தரகு என்றால் என்னவென்று தெரிந்தவனுக்குத்தான் ஐந்தாம் விதியின் கொடுமை புரியும். கங்கப்பனின் அப்பா மாட்டுத் தரகர். துண்டை விரித்து, அதற்கடியில் கையைப் பிடித்து, விரலைத் தொட்டு விலை பேசுகிற சந்தை வழக்கத்தைக் கங்கப்பன் நிலத்துக்குக் கொண்டுவந்தார். விரலுக்கு நூறு, மடக்கினால் ஐம்பது. விற்கிறவன் கையைத் தனியாகப் பிடிப்பார், வாங்குகிறவன் கையைத் தனியாகப் பிடிப்பார். வாங்குகிறவன் சொன்னதில் ஒன்றிரண்டு விரல் குறைத்து விற்கிறவனிடம் சொல்வார். விற்கிறவன் கேட்டதில் ஒன்றிரண்டு விரல் கூட்டி வாங்குகிறவனிடம் சொல்வார். பிறகு இவனை ஏற்றி, அவனை இறக்கி, இரண்டு பேரும் "நாம ஜெயிச்சுட்டோம்" என்று நினைக்கிற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தி வெற்றிலை பாக்கு மாற்றுவார். அந்த நினைப்பு ஒரு வாரம் நிற்கும். அதற்குள் யாராவது ஒருவன் டீக்கடையில் வாயைத் திறந்துவிடுவான். ஒருவன் சந்தோஷமாக இருக்கிறான் என்று தெரிந்தாலே போதும், இன்னொருவனுக்குத் தூக்கம் போய்விடும். இரண்டு பேரையும் ஒரே தாளில் சிரிக்க வைக்கச் சொன்னால் எப்படி?

முதலில் பாகலூர் முனிவேலிடம் போனார். ஒன்றரை வருஷத்துக்கு முன் திம்மப்பனின் இரண்டு ஏக்கரை வாங்கியவன். முனிவேல் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தான். "உங்களாலதான் கங்கண்ணா நான் நாலு பேரு மாதிரி இருக்கறன்" என்று சொல்லி, கேட்காத இடத்திலும் ஒரு கையெழுத்துப் போட்டான். தாளை எடுத்துக்கொண்டு கங்கப்பன் அப்படியே திம்மப்பன் வீட்டுக்குப் போனார். திம்மப்பன் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டு தாளைப் படித்தார். பிறகு மறுபடியும் படித்தார்.

"முனிவேலு பூரண திருப்தின்னு போட்டிருக்கறானா?"

"ஆமாங்க. நீங்களும் கீழ ஒரு கையெழுத்து போட்டுட்டா..."

"பூரணமாவா?"

"அது ஃபாரத்துல இருக்கற வார்த்தைங்க."

"ஏம்பா கங்கப்பா, கொஞ்சம் திருப்தின்னு போட்டிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறும். பூரணமா திருப்தின்னா, அவன் எவ்வளவு வரைக்கும் குடுக்கத் தயாரா இருந்தான்? நீ எங்கிட்ட என்னா சொன்ன? அதுக்கு மேல ஒரு தம்பிடி ஏறமாட்டான்னு சத்தியம் பண்ணல?" திம்மப்பனின் கண்ணாடிக்குள்ளே கண் கலங்கியது. அழுகிறாரா, கோபமா என்று தெரியவில்லை. தாளை மடித்துக் கங்கப்பன் சட்டைப் பையில் அவரே சொருகி, வாசல் வரை வந்து வழியனுப்பினார். அதற்குப் பதிலாக இரண்டு அறை விட்டிருக்கலாம்.

மறுநாள் காலையில் கங்கப்பன் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே முனிவேல் வந்து நின்றான். நேற்று இருந்த சிரிப்பு முகத்தில் இல்லை. "திம்மப்பன் ஏன் கையெழுத்து போடல? நிலத்துல ஏதாவது வில்லங்கம் இருக்குதா?" என்றான். இல்லை என்று கங்கப்பன் சொல்லச் சொல்ல அவனுக்குச் சந்தேகம் ஏறிக்கொண்டே போனது. அண்ணன் தம்பி பாகம் ஏதாவது பாக்கியா, கிணற்றில் வேறு யாருக்காவது பங்கு இருக்கிறதா, எழுதாமல் விட்ட எல்லை எது? ஒன்றரை வருஷமாக நிம்மதியாக உழுதுகொண்டிருந்த மனுஷன், அந்த நிமிஷத்திலிருந்து தன் நிலத்தைத் தானே சந்தேகப்பட ஆரம்பித்தான். தான் போட்ட கையெழுத்தை அடித்துத் தரச்சொல்லி வாங்கிக்கொண்டுதான் போனான். கங்கப்பன் வாயில் வேப்பங்குச்சியோடு அப்படியே நின்றார்.

சூளகிரி ரங்கம்மா வேறு ரகம். கைம்பெண். மூன்று வருஷத்துக்கு முன், வேறு வழியில்லாமல் தன் கொழுந்தனுக்கே நிலத்தை விற்றவள். கங்கப்பன் வந்த காரியத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டியபடியே, "கையெழுத்துதானே? ரேகை வெக்கறன். என் நிலத்தத் திருப்பி எழுதிக் குடு, அந்தப் பத்திரத்துலயே வெக்கறன்" என்றாள். பிறகு கன்னடத்தில் ஒரு மூச்சு, தெலுங்கில் ஒரு மூச்சு திட்டினாள். இரண்டும் கங்கப்பனுக்கு நன்றாகவே தெரியும் என்பதுதான் துரதிர்ஷ்டம்.

புதன்கிழமைக்குள் ஏழு கிரயம் பார்த்தாகிவிட்டது. பழைய கிரயங்களை இவர் போய்க் கிளறக் கிளற, அடங்கிக் கிடந்த சண்டையெல்லாம் எழுந்து உட்கார்ந்தது. வியாழக்கிழமை காலை திம்மப்பனும் முனிவேலும் ஒன்றாகவே வந்து, இவர் வீட்டு வாசலில் நின்று ஒருவரை ஒருவர் ஏமாற்றுக்காரன் என்று திட்டிக்கொண்டார்கள். கடைசியில் இரண்டு பேரும் ஒற்றுமையாகிக் கங்கப்பனைத் திட்டினார்கள். அந்த ஒரு விஷயத்திலாவது இரு தரப்பாருக்கும் பூரண திருப்தி.

"வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாமில்ல" என்றாள் சரசம்மா உள்ளேயிருந்து. கங்கப்பனின் சம்சாரம். கேழ்வரகு மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள். சலிப்பதை நிறுத்தவில்லை.

"நான் எங்கடி வாய வெச்சன்? சங்கம் வெச்சுது."

"சங்கம் உங்க வாசல்ல நின்னு கத்தல. இவங்கதான் கத்தறாங்க."

"சிரிக்காத. என் பொழப்பே போவுது."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இந்த ஊரில் கங்கப்பன் உண்மை பேசுவது சரசம்மாவிடம் மட்டும்தான். அன்றன்றைக்குத் துண்டுக்குள் என்ன நடந்தது, யார் எவ்வளவு சொன்னான், இவர் எவ்வளவு மாற்றிச் சொன்னார் என்பதையெல்லாம் சாயந்திரம் கால் கழுவிக்கொண்டே அவளிடம் ஒன்று விடாமல் சொல்லிவிடுவார். சொன்னால்தான் சோறு இறங்கும். அவள் "உம்" கொட்டுவாள். மூன்றாங்கிளாஸ் படித்தவள். இவர் சொல்கிற கணக்கில் எங்காவது உதைத்தால் உடனே சொல்லிவிடுவாள்.

"ஒண்ணும் கவலையில்ல. சூசைகிட்ட போனா ரெண்டு கையெழுத்தும் கிடைச்சிடும்" என்றார் கங்கப்பன். கடைசிச் சீட்டாகக் கையில் வைத்துக்கொண்டு, இதை அவர் சனிக்கிழமையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். மத்தகொண்டப்பள்ளி சூசை ஒன்றரை ஏக்கரைப் பக்கத்து நிலத்துக்காரன் கிருஷ்ணப்பனுக்கு விற்று நாலு வருஷம் ஆகிறது. இரண்டு பேரும் இன்றுவரை ஒரே கிணற்றில் தண்ணீர் இறைக்கிறார்கள். பண்டிகைக்குப் பண்டிகை சூசை வீட்டிலிருந்து அவரைக்காயும், கிருஷ்ணப்பன் வீட்டிலிருந்து வெல்லமும் வருகிறது. தன் ஆயுசிலேயே அவ்வளவு சுத்தமான துண்டு வேலை செய்ததில்லை என்பது கங்கப்பனின் பெருமை. ஒரு வாரம் மல்லுக்கு நின்ற இரண்டு பேரை, நாலே நாலு தடவை விரலைத் தொட்டு ஒரே தொகையில் கொண்டுவந்து நிறுத்தினார். அந்தக் கதையை அவர் சந்தையில் சொல்லாத ஆளில்லை.

"அங்க எதுக்கு அவ்வளவு தூரம்? வேற யாரையாவது பாருங்க" என்றாள் சரசம்மா. இதையும் அவள் சனிக்கிழமையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வேற யாரு மிச்சம்? சுடுகாட்டுலதான் போயி கேக்கணும்."

அவள் மாவைச் சலித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை தளி போகிற பஸ்ஸில் ஏறினார். தேருக்கு வருகிற கூட்டமெல்லாம் எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தது. இவர் மட்டும் ஊரை விட்டுப் போனார். மத்தகொண்டப்பள்ளியில் இறங்கி, கோயில் தாண்டி, வயல் வரப்பில் நடந்தபோது பத்து மணி வெயில் சுள்ளென்று அடித்தது. சூசை கிணற்றில் மாடு கட்டிக் கபிலை ஓட்டிக்கொண்டிருந்தார். கிருஷ்ணப்பன் கொஞ்ச தூரத்தில் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். ஈஸ்டருக்கு முன் கிறிஸ்தவர்கள் நோன்பிருக்கிற தபசு காலம் என்பதால் சூசை மீசைகூட ஒதுக்காமல் இருந்தார். கங்கப்பனைப் பார்த்ததும் இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஆறு நாளாக முகம் சுளித்த ஆட்களையே பார்த்து வந்தவருக்கு, அந்த வரவேற்பே பாதிக் கையெழுத்து மாதிரி இருந்தது.

"எழுதித் தரமாட்டமா என்ன? அதுக்கு நீங்க வரணுமா? சொல்லி அனுப்பியிருந்தா நாங்களே வந்திருப்போமே" என்றான் கிருஷ்ணப்பன். மரத்தடியில் உட்கார்ந்தார்கள். கங்கப்பன் தாளையும் பேனாவையும் எடுத்துக் கொடுத்தார். சூசை தாளை வாங்கி முழங்காலில் வைத்துக்கொண்டு, எழுதாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னா சூசையப்பா?"

"தபசு காலம். பொய்க் கையெழுத்து போடக்கூடாது கங்கண்ணா."

கங்கப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இதுல என்னா பொய்? உங்களுக்குத் திருப்தி இல்லியா?"

"திருப்திதான். பூரண திருப்தி. ஆனா..." சூசை கிருஷ்ணப்பனைப் பார்த்தார். கிருஷ்ணப்பன் கண்ணால் வேண்டாம் என்றான். சூசை தலையை ஆட்டினார். "எத்தன நாளைக்குடா மறைக்கறது? கங்கண்ணா, நீங்க கோவிச்சுக்கக் கூடாது. எங்க கிரயத்த முடிச்சது நீங்க இல்ல. உங்க வூட்டம்மா."

"யாரு?"

"சரசம்மாதான். அன்னிக்கி நீங்க முத்திரைத்தாள்காரரப் பாக்கப் போயிட்டீங்க. நாங்க ரெண்டு பேரும் உங்க வூட்ல ஆளுக்கொரு மூலையில மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். அந்தம்மா மோரு கொண்டாந்து குடுத்தாங்க. குடுத்துட்டு, எங்கிட்ட, 'கிருஷ்ணப்பன் அஞ்சரை விரலுக்கு மேல ஏறமாட்டாருன்னு எங்க வூட்டுக்காரரு உங்ககிட்ட சொல்லியிருக்காரு இல்ல, அவரு சொன்னது ஏழு'ன்னாங்க. இவன்கிட்டத் திரும்பி, 'சூசையண்ணன் எட்டு கேட்டாருன்னு சொல்லியிருக்குது இல்ல, அவரு கேட்டது ஆறு'ன்னாங்க. 'ரெண்டு பேருக்கும் வாய் இருக்குது, பேசிக்கங்க'ன்னுட்டு உள்ள போயிட்டாங்க."

கிருஷ்ணப்பன் சிரித்துவிட்டான். "நாங்க ஒருத்தர ஒருத்தர் பாத்தோம் பாருங்க! ஆறு கேக்கறவனுக்கும் ஏழு குடுக்கறவனுக்கும் ஒரு வாரமா சண்டை! அப்பவே ஆறரைன்னு முடிச்சுட்டோம்."

கங்கப்பன் தோள் துண்டைக் கையில் எடுத்தார். "அப்ப நான் வந்து துண்டு விரிச்சனே?"

இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"அந்தம்மாதான் கேட்டுக்கிட்டாங்க" என்றார் சூசை மெதுவாக. "'அவரு கண்ணு முன்னால பேசிக்காதீங்க, அவரே முடிச்ச மாதிரி இருக்கட்டும், அவரு தொழில்'னாங்க. அதனாலதான் நீங்க விரலத் தொட்டப்போ நாங்க நாலாவது தடவையில ஒத்துக்கிட்டோம். மொதல் தடவையே ஒத்துக்கிட்டா உங்களுக்குச் சந்தேகம் வந்துடும்னு இவன்தான் சொன்னான்."

நாலு வருஷம்! சந்தையில், சாராயக் கடையில், கல்யாண வீட்டில், எத்தனை பேரிடம் அந்த நாலு தடவை விரல் தொட்ட கதையைச் சொல்லிச் சொல்லி மார்தட்டியிருப்பார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் யாருக்காவது விஷயம் தெரிந்திருக்குமோ என்று நினைத்தபோது உடம்பெல்லாம் கூசியது. "சும்மா என் பேர எழுதுங்கய்யா, இப்ப அந்தக் கதையெல்லாம் எதுக்கு" என்று கத்தினார். கெஞ்சியும் பார்த்தார். கிருஷ்ணப்பன் எழுதத் தயாராகத்தான் இருந்தான். சூசை அசையவில்லை. கெட்ட மனசு இல்லை, பிடிவாதம். கடைசியில், நடந்தது எதுவோ அதை எழுதித் தருகிறேன், அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள் என்று சொல்லி, முழங்காலில் தாளை வைத்து மெல்ல எழுதினார்: எங்கள் கிரயத்தை முன்நின்று பேசி முடித்தவர் கங்கப்பன் மனைவி சரசம்மா. எங்கள் இரு தரப்பாருக்கும் பூரண திருப்தி. கீழே சூசை தமிழிலும் கிருஷ்ணப்பன் தெலுங்கிலும் கையெழுத்துப் போட்டார்கள்.

திரும்பி வருகிற பஸ் இரண்டு மணி நேரம் தாமதம். வந்ததும் தேர்க்கூட்டத்தோடு ஆமை வேகம். ஜன்னலோரத்தில் நசுங்கி நின்றபடி, வீட்டுக்குப் போனதும் சரசம்மாவை என்னவெல்லாம் கேட்கவேண்டும் என்று கங்கப்பன் வரிசை போட்டுக்கொண்டார். எவ்வளவு திமிர் இருந்தால் என் தொழிலில் கை வைப்பாய்? நான் உன்னிடம் நம்பிச் சொன்னதை நடுவீட்டில் போட்டு உடைத்திருக்கிறாயே, நீயெல்லாம் ஒரு பெண்டாட்டியா? பிறகு எப்படி நாலு வருஷம் என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தாய்? இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் கோபம் தடுக்கி விழுந்தது. அவர் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவள் பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள். ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. "உம்" என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

ஓசூரில் இறங்கும்போது கஜானா மணி நாலரை அடித்தது. வீட்டுக்குப் போகாமல் நேராகச் சங்கத்துக்குப் போனார். நாராயணப்பன் பட்டியலை மூடுவதற்காகச் சிவப்பு மசி தொட்டு வைத்திருந்தார். தாளை வாங்கிப் படித்தார். மேலே பார்த்தார். மறுபடியும் படித்தார். அவர் உதடு கோணியது.

"ஏம்பா கங்கப்பா, தரகரு நீயா, உன் பொண்டாட்டியா?"

அறையில் இருந்த இரண்டு ஸ்தாபகர்கள் சத்தமாகவே சிரித்தார்கள். கங்கப்பன் அதையும் வாங்கிக்கொண்டார். ஆறு நாளில் எத்தனையோ கேட்டாகிவிட்டது. இது ஒன்று பாக்கி இருந்தது, அதுவும் முடிந்தது.

நாராயணப்பன் ஒன்றும் கெட்டவரில்லை. சிரித்து முடித்ததும் குரலைத் தாழ்த்தினார். "வா இப்படி. ரெண்டு வார்த்ததானே. 'மனைவி சரசம்மா'ங்கறத ஒரு கீறு கீறிடு. கங்கப்பன்னு மட்டும் நிக்கும். கையெழுத்து நிஜக் கையெழுத்து. எவன் வந்து பாக்கப்போறான்? கார்டு இன்னிக்கே போட்டுத் தரன். திங்கக்கிழமை உன் பன்னெண்டு ஏக்கரு." மசிக்கூட்டையும் கட்டைப் பேனாவையும் இவர் பக்கம் தள்ளினார்.

கங்கப்பன் உட்கார்ந்தார். பேனாவைத் தொட்டு எடுத்தார். ஒரு கீறு. இருபத்திரண்டு வருஷத்தில் இதைவிடப் பெரிய கீறலையெல்லாம் வாயாலேயே போட்டிருக்கிறார். முள்ளை 'மனைவி' மேல் கொண்டுபோனார். சூசையின் எழுத்து, கபிலை ஓட்டுகிற கை, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக ஊன்றி நின்றது. ஒரு வாரமாக இந்தத் தாலுகா முழுக்க அலைந்து, வாசல் வாசலாக வசவு வாங்கி, யாரிடமும் கிடைக்காத ஒரு நல்ல வார்த்தை அது. அவரைப் பற்றியது இல்லை. ஆனால் அவர் வீட்டைப் பற்றியது. அதை அவர் கையாலேயே அடிக்கச் சொல்கிறார்கள், யோக்கியன் என்று கார்டு வாங்குவதற்காக! அவருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. இந்தத் தடவை அது சரசம்மா மேல் இல்லை.

"வேற ஃபாரம் ஒண்ணு குடுங்க."

"எதுக்கு?"

"மனுதாரர் பேர மாத்தணும்."

நாராயணப்பனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அந்தம்மாவுக்கா? விளையாடறியா? சங்கத்துல பொம்பளையா?"

"ஆம்பளையா இருக்கணும்னு எந்த விதியில இருக்குது? ஆறாவதா, ஏழாவதா? நீங்கதான் நல்லா படிப்பீங்களே, படிங்க."

நாராயணப்பன் புத்தகத்தைப் புரட்டினார். எச்சில் தொட்டு முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். ஸ்தாபகர்கள் எழுந்து வந்து அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்கள். தரகர் என்றுதான் எல்லா விதியிலும் இருந்தது. யாருக்கும் அப்படி ஒன்று தோன்றாததால் யாரும் தடுத்து எழுதியிருக்கவில்லை. அவர்கள் தேடிக்கொண்டிருந்தபோதே கங்கப்பன் கையை நீட்டி மேஜையிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். பெயர்: சரசம்மா. தகப்பனார் பெயர்: தன் மாமனார் பெயரை எழுதினார். தொழிலில் எத்தனை வருஷம் என்ற இடத்தில் பேனா நின்றது. நாலு என்று எழுதப் போனார். இருபத்திரண்டு வருஷமாகச் சாயந்திரம் சாயந்திரம் அவள் "உம்" கொட்டியது நினைவுக்கு வந்தது. இருபத்திரண்டு என்றே எழுதினார்.

"கமிட்டி கூடித்தான் முடிவு பண்ணணும்" என்றார் நாராயணப்பன், புத்தகத்தை மூடாமலேயே. "அதுவும் அந்தம்மா இங்க நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான். அஞ்சு அடிச்சா நான் கோடு போட்டுடுவேன், சொல்லிட்டேன்."

மசி காயவில்லை. மடித்தால் அப்பிக்கொள்ளும். கங்கப்பன் ஃபாரத்தை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு தேர்க் கடைகளின் நடுவே நடந்தார். பிறகு ஓடினார். வளையல் கடைக்காரன் ஒதுங்கினான், பொரிகடலை மூட்டை ஒன்று உருண்டது, யாரோ "என்னா கங்கப்பா, பிரசாதமா?" என்று கேட்டான். நிற்கவில்லை. பஸ்ஸில் வரிசை போட்ட கேள்வியெல்லாம் ஒவ்வொன்றாக வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

சரசம்மா பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க இவர் வந்து நின்றதைப் பார்த்து எழுந்தாள். இவர் முகத்தைப் பார்த்ததுமே, மத்தகொண்டப்பள்ளிக்குப் போய்விட்டு வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சூசையண்ணன் சொல்லிட்டாரா?" என்றாள்.

கங்கப்பன் தலையை ஆட்டினார். தாளை அவள் முன்னால் நீட்டினார். அவள் குனிந்து, உதட்டை அசைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். தன் பெயரில் நின்றாள். அப்புறம் கீழே இறங்கி அந்த இருபத்திரண்டில் நின்றாள்.

"இது யாரு எழுதுனது?"

"நான்தான். அஞ்சு அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்குது. நீ சங்கத்துக்கு வந்து கையெழுத்துப் போடணும்."

"எனக்குக் கையெழுத்துப் போட்டே வருஷக்கணக்கு ஆவுது" என்றாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். தாளைத் தொடாமல் பார்த்துக்கொண்டே மறுபடியும் துடைத்தாள். கை எப்போதோ காய்ந்துவிட்டது. அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.